பதினொன்று பத்துக்கு வருகிறவர்

இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே நீளமாக ஒரு தாழ்வாரம். ஒரு கோடியில் வார்டுகள், மறுகோடியில் ஆபரேஷன் தியேட்டர். பகல் வேளையில் அந்தத் தாழ்வாரத்தில் கேட்காத சத்தம் இல்லை. தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும், வாளி உருளும், ஒருவர் இருமுவார், இன்னொருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டு போவார். அத்தனை இரைச்சலுக்கும் நடுவில், மாதத்தின் முதல் திங்கட்கிழமை பதினொன்று பத்துக்கு, கூடத்தில் வேலை பார்க்கும் ஊதாக்காவின் காதுக்கு மட்டும் இன்னொரு சத்தம் வரும்.

டொக். சர்ர். டொக். சர்ர்.

முதலில் ஊன்றுகோல் தரையில் படும், பிறகு ஒற்றைச் செருப்பு இழுபடும். கூடத்தின் வாசல்வரை வந்து நின்றுவிடும். உள்ளே வராது, திரும்பியும் போகாது. நின்றது நின்றதுதான்.

அந்த ஊன்றுகோலுக்குச் சொந்தக்காரர் செத்துப் பதினாலு மாதம் ஆகிறது.

இதை ஊதாக்கா யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "அக்காவுக்கு வயசாச்சு, காதுல ஏதோ இரைச்சல்" என்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. எதற்காக அவர் உன்னைத் தேடி வருகிறார் என்று ஒருவர் கேட்டுவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாயைத் திறப்பதில்லை.

ஊதாக்கா என்பது அவளுக்கு வேலையிடத்தில் விழுந்த பெயர். இரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஊதாச் சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். மற்றவர்கள் அணுக்களை எண்ணும் மிஷின் சொன்ன எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க, இவள் வந்துசேரும் ஒவ்வொரு சாம்பிள் குழாய்க்கும் ஒரு கண்ணாடி தேய்ப்பாள். சோப்புக்கும் அசையாத ஊதா, பதினாறு வருடமாக அவள் விரல் நுனிகளில் குடியிருந்தது. பதினாறு வருடத்துக்கு முன் அவள் விரல்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு இருப்பது தெரியும். மூன்றாவதாகத் தட்டணு என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் என்பார்கள். பொடியிலும் பொடி. சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப்போல் சாது கிடையாது. இரத்தக்குழாயில் எங்காவது கீறல் விழுந்துவிட்டால் போதும், வந்த வழியை மறந்து ஓடிவந்து ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு அடைத்துவிடும். கத்தி பட்ட விரலில் இரத்தம் நிற்பது இதன் புண்ணியம். ஆனால் காலுக்கு ஓடும் பெரிய இரத்தக்குழாய் அடைத்துப்போய், அதைத் திறந்து டாக்டர் சரி செய்கிறார் என்று வையுங்கள். வெட்டுவதும் தைப்பதும் தட்டணுவுக்குக் காயம்தானே? நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அங்கேயும் ஓடிவரும். அது குறைந்துபோனால் இரத்தம் நிற்காது. கூடிக் கொட்டமடித்தால் இரத்தம் ஓடாது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் நடக்க வேண்டும். அதனால்தான் கால் குழாய் அறுவை என்றால் தட்டணு எத்தனை என்ற கேள்வி முதலில் வரும்.

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு தபால்காரர் வந்தார். கால் சில்லிட்டுப்போய், உடனே குழாயைத் திறக்க வேண்டிய நிலை. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் வந்தது. மிஷின் இருபத்தெட்டாயிரம் என்றது. இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவள் அந்த எண்ணை அப்படியே எழுதி அனுப்பினாள். இவ்வளவு குறைவாக இருந்தால் கத்தி வைத்ததும் இரத்தம் நிற்காதே என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். பை பையாகத் தட்டணு ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் போயிற்று. கால் கறுத்தது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

மறுநாள் ஏதோ உறுத்த, மிச்ச இரத்தத்தில் ஒரு கண்ணாடி தேய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் திராட்சைக் குலை மாதிரி தட்டணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடந்தன. இரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாய்க்குள் ஒரு மருந்து பூசியிருப்பார்கள். ஆயிரத்தில் ஒருவர் இரத்தத்துக்கு அது ஆகாது, குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மிஷினுக்கு என்ன தெரியும்? திட்டை அது தட்டணுக் கணக்கிலேயே சேர்க்காது. தபால்காரர் உடம்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குறைவு குழாய்க்குள் மட்டும்தான். ஒரு கண்ணாடி, ஐந்து நிமிடம். அதைப் பார்க்காமல் விட்டதில் ஒரு மனிதருக்குக் கால் போயிற்று.

அந்தக் கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றி மேஜை இழுப்பறையின் அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தபால்காரர் அதற்குப் பிறகு, இரத்தத்தை இளக்கும் மாத்திரைக்காக, மாதம் ஒருமுறை சோதனைக்கு வந்தார். முதல் திங்கள், பதினொன்று பத்து. ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காருவார், ஊன்றுகோலைக் கம்பியில் சாய்ப்பார், கையை நீட்டுவார்.

"ஒரு விஷயத்துல நிம்மதிக்கா. இனிமே நாய் துரத்துனா கடிக்க ஒரு காலுதான் கெடைக்கும். அதுவும் எந்தக் காலுன்னு யோசிக்க வேண்டாம் பாருங்க, அதுக்கும் வேலை மிச்சம்."

அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஊசியைக் குத்துவாள். "உங்க கை மாதிரி வராதுக்கா, குத்துனதே தெரியல" என்பார். அந்த வார்த்தை குத்திய ஆழம் எந்த ஊசிக்கும் வராது. இன்று சொல்லிவிடலாம், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று பதினாலு வருடத்துக்கு மேல் ஓட்டினாள். ஒரு முதல் திங்கள் அவர் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். அதற்கடுத்த மாதம் சத்தம் வந்தது.

இந்தக் கதை நடந்த வாரத்தில், செவ்வாய்க்கிழமை மத்தியானம், வார்டில் ஒரு புது ஆளிடம் இரத்தம் எடுக்கப் போனாள். மின்கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர். ஐம்பது வயது, முறுக்கிய கயிறு போன்ற உடம்பு. இடது கால் மட்டும் வேறு யாருடையதோ போல வெளுத்துச் சில்லென்று கிடந்தது. பக்கத்தில் அவர் தங்கச்சி, காகிதங்கள் திணித்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"எவ்ளோ எடுப்பீங்க? கொஞ்சம் மிச்சம் வையுங்க அக்கா. நாளைக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் வேணும்ல" என்றார் அவர்.

"இவன் வாய்க்கு ஒரு அடைப்பு வந்திருக்கக் கூடாதா? காலுக்குப் போய் வந்துச்சே" என்றாள் தங்கச்சி.

"பாத்தீங்களா, கூடப் பொறந்தது பேசுற பேச்ச! அக்கா, இந்தக் காலு எனக்கு வேணும். கம்பத்துல ஏறும்போது எடது காலத்தான் மொதல்ல வைப்பேன். முப்பது வருசப் பழக்கம். அது இல்லாட்டி நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கற ஆளாயிடுவேன். அதுக்குப் படுத்தே கெடக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் போர்வையைப் பிடித்திருந்த கை விளையாடவில்லை.

நர்ஸ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "இதுக்கு முன்னாடி எங்கயாவது ஆஸ்பத்திரியில சேந்திருக்கீங்களா?"

"நானா? ஆஸ்பத்திரி வாசலக் கூட மிதிச்சதில்ல."

தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையின் வாயை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். ஊதாக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அண்ணனை நினைத்துக் கலங்குகிறாள் போலும் என்று போய்விட்டாள். அன்றைய எண்ணிக்கை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். தேய்த்த கண்ணாடியும் சுத்தம். சாயங்காலமே ஹெப்பாரின் ஏற்றத் தொடங்கினார்கள். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அது.

மறுநாள் புதன்கிழமை காலை அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

கால் குழாய் அறுவைக்கு டாக்டரம்மா ஒரு முறை வைத்திருந்தார். கத்தி வைக்குமுன் ஒரு குழாய் இரத்தம், காலுக்கு இரத்தம் போகாமல் கவ்வி போட்டபின் ஒன்று, கவ்வியை எடுத்தபின் ஒன்று. மூன்றும் நேரே ஊதாக்காவிடம் வர வேண்டும். முதல் குழாய் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றது.

"எறங்கியிருக்கே அண்ணே" என்றாள் ஊதாக்கா.

மிஷினைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் மிஷின் அண்ணன் என்பார்கள். காலையில் தன் கைக்குட்டையால் மிஷினைத் துடைத்துவிட்டு, அதே கைக்குட்டையால் தன் முகத்தைத் துடைத்துக்கொள்கிற மனிதர்.

"ராத்திரி பூரா பாட்டில் ஏத்தியிருக்காங்கல்ல? கொழம்புல தண்ணி ஊத்துனா உப்பு கொறையத்தான் செய்யும்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாவது குழாய் வந்தபோது மணி பதினொன்று ஆகியிருந்தது. மிஷின் முனகிவிட்டு எண்ணைக் காட்டியது. ஐம்பத்தெட்டாயிரம்.

மிஷின் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "ஒட்டல். வேறென்ன? ட்யூபு தியேட்டர்ல அரை மணி நேரம் கெடந்திருக்கு. நேத்து சுடச்சுட வச்சோம், சரியா வந்துச்சு. போன் போட்டு ஒட்டல்னு சொல்லிடும்மா. அவங்களும் அதத்தான் எதிர்பார்ப்பாங்க."

ஒட்டல் என்பது அந்தக் கூடத்துச் சொல். தபால்காரருக்குப் பிறகு அதை எல்லோர் வாயிலும் போட்டவள் ஊதாக்காதான். எண் குறைந்தால் நம்பாதீர்கள், குழாயில் ஒட்டியிருக்கும், பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று பதினாறு வருடமாக ஓதி ஓதி, இப்போது அந்த ஆஸ்பத்திரியில் தட்டணு குறைந்தது என்று யார் சொன்னாலும் யாரும் பதறுவதில்லை. ஒட்டலாக இருக்கும் என்று வேலையைத் தொடர்வார்கள். அவளுமே கடைசியாக எப்போது நிஜமான குறைவை எதிர்பார்த்தாள்? கை தானாகப் போனை எடுத்தது. ஒருமுறை தப்பு செய்தவளுக்கு அந்த ஒரு தப்பின் முகம்தான் எங்கும் தெரியும்.

டொக்.

எண்ணை அழுத்தப்போன விரல் நின்றது. இன்று புதன்கிழமை. அவர் நாளே இல்லை.

சர்ர். டொக். சர்ர்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. சத்தம் தாழ்வாரத்தில் வந்தது. வாசலை எட்டியது. வழக்கமாக நிற்கும் இடம் அதுதான். ஆனால் அன்று நிற்கவில்லை. உள்ளே வந்தது. பிடரி மயிர் கூச்செறிய அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேஜைகளுக்கு நடுவே நடந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, டொக் என்று ஒருமுறை ஊன்றி, நின்றது. மழையில் நனைந்த காக்கித் துணியின் வாடை அடித்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மிஷின் அண்ணன் அடுத்த குழாய்க்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊதாக்கா போனை வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துச் சொட்டு வைத்துத் தேய்த்தாள். சாயம் ஊற்றினாள். கழுவி உலர்த்தி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். திட்டுகள் ஒதுங்கும் ஓரத்துக்கு முதலில் போனாள். இரு, இரு, அங்கே இரு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். இருந்துவிட்டால் பழைய தப்பை இன்று திருத்திவிட்டதாகப் பெருமூச்சு விடலாம்.

ஓரம் காலி.

மேல் ஓரம், கீழ் ஓரம், நடு, எங்கும் திட்டு இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனி ஊதாப் புள்ளிகள், கூட்டம் கலைந்துபோன மைதானத்தில் வழி தெரியாமல் நிற்கிறவர்களைப் போல. புலி வருது, புலி வருது என்று இவள் கத்திக் கத்தி ஊரைப் பழக்கிவிட்டாள். இப்போது வேறொரு புலி வேறொரு வழியாக வந்திருக்கிறது.

தியேட்டருக்குப் போன் போட்டாள். நர்ஸ் எடுத்தாள். "ஒட்டல்தானே அக்கா? டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்க."

"ஒட்டல் இல்லம்மா. நெசமாவே கொறஞ்சிருக்கு. நீல மூடி ட்யூபுல இன்னொரு தடவ எடுத்து வை, நானே வரேன்."

நீல மூடிக் குழாயில் வேறு மருந்து. இரண்டிலும் ஒரே எண் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தியேட்டர் வாசலில் அதை வாங்கினாள். குலுங்கினால் தட்டணு முழித்துக்கொள்ளும் என்று உள்ளங்கையில் பொத்தி, தூங்கும் குழந்தையைத் தூக்கி வருகிறவள்போல நடந்தாள். பின்னாலேயே டொக், சர்ர். மிஷின் ஐம்பத்தோராயிரம் என்றது.

மிஷின் அண்ணன் முகத்தில் விளையாட்டு போயிற்று. "இது வேற ஏதோ. போ, நீ நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே பை, அதே முடிச்சு. ஊதாக்கா அவளைக் கடந்து நான்கு அடி போய்விட்டாள். பின்னால் வந்த சத்தம் வரவில்லை. திரும்பினாள். சத்தம் அந்தப் பெஞ்சின் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தது.

நேற்று ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒன்னு கேக்கறேன் தங்கம், மறைக்காம சொல்லு. அண்ணன் இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்திருக்காரா?"

"இல்லக்கா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"சத்தியம் பண்ணியிருக்கேன் அக்கா."

"யாருகிட்ட? உள்ள படுத்திருக்கறவர்கிட்டயா? நீ இப்ப சொல்லலன்னா அந்தக் காலு போயிடும். நான் மெரட்டுறதுக்காகச் சொல்லல. ஒரு தடவ வாய மூடிட்டு இருந்து என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்மா."

தங்கச்சி பையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்று வந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி வெளியூருக்கு வேலைக்குப் போனப்ப நெஞ்சு வலிச்சிருக்கு. அங்கயே அஞ்சு நாள் படுத்திருந்தான். ஆபீசுக்குத் தெரிஞ்சா கம்பத்துல ஏற விட மாட்டாங்களாம், மேசையில ஒக்கார வச்சிடுவாங்களாம். யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லணும்னான். காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் இருந்துட்டேன்."

"ஊசி போட்டாங்களா?"

"தெனம் ரெண்டு வேளை வயித்துல போட்டாங்களாம். அத வச்சு ஒரே கிண்டல், வயிறு சல்லடையாயிடுச்சுன்னு."

காகிதத்தில் அந்த ஊசியின் பெயர் இருந்தது. ஹெப்பாரின்.

ஊதாக்காவின் வேலைக்காலத்தில் இரண்டே முறை கேள்விப்பட்ட சங்கதி இது. கொஞ்சம் பேருக்கு அந்த மருந்து ஒருமுறை உள்ளே போய்வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். எதிரி என்று மனதில் குறித்துக்கொண்டு சும்மா இருக்கும். சில வாரத்தில் மறுபடி அதே மருந்து வந்ததும் பழைய பகை விழித்துக்கொள்ளும். உறைவதைத் தடுக்க வந்த மருந்தே உறைய வைக்கும். தட்டணுக்கள் வெறி பிடித்தாற்போல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு குழாய்க் குழாயாய் அடைக்கும். அப்படி அடைத்தே தீர்ந்துபோவதால்தான் எண்ணிக்கை சரியும். இன்னும் உறைகிறதே என்று அந்த மருந்தையே கூட்டினால், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதை.

அங்கியை மாட்டி, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். விளக்குக்கு அடியில் டாக்டரம்மா குனிந்திருந்தார். குரலில் எரிச்சல்.

"மூணாவது தடவ எடுக்கறேன். தச்ச எடத்துல மறுபடியும் அடைக்குது. இன்னொரு டோஸ் ஹெப்பாரின் குடுங்க."

மயக்க மருந்து டாக்டர் சிரிஞ்சை எடுத்தார்.

"குடுக்காதீங்க!" என்றாள் ஊதாக்கா.

அந்த அறையில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன ஊதாக்கா? ஒட்டல்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"இல்ல டாக்டர். ஸ்லைடுல ஒரு திட்டு கூட இல்ல. நீல ட்யூபுலயும் அம்பத்தோராயிரம்தான். நேத்து ரெண்டு லட்சத்துக்கு மேல இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அஞ்சு நாள் இவருக்கு ஹெப்பாரின் போட்டிருக்காங்க. சொல்லாம மறைச்சிட்டாரு. சீட்டு இருக்கு, இதோ."

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை. தான் எடுத்துக் கிண்ணத்தில் போட்டிருந்ததைப் பார்த்தார். உறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் கிண்ணத்தில் இருந்தது வெளுப்பாக, பாலாடையைச் சுருட்டி வைத்தாற்போல் இருந்தது. சிவப்பே இல்லாமல் வெறும் தட்டணுவால் ஆன அடைப்பு.

"வெள்ளை" என்றார் மெதுவாக. பிறகு குரல் மாறியது. "ஹெப்பாரின நிறுத்துங்க. சொட்டு கூட வேண்டாம். அலசுற தண்ணியில கலந்திருக்கறதையும் கொட்டுங்க. மாத்து மருந்து மருந்தகத்துல இருக்கும், ஓடுங்க யாராவது."

ஊதாக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். மாற்று மருந்து வந்து ஏறியது. டாக்டரம்மா நான்காவது முறை குழாயைத் திறந்து வெள்ளையை இழுத்து எடுத்தார், அலசினார், தைத்தார். கவ்வியை எடுத்தார். ஐந்து நிமிடம். பத்து. இருபது. பாதத்தில் கை வைத்திருந்த நர்ஸ் கடைசியில், "சுடுது டாக்டர்" என்றாள்.

அந்த நேரத்தில் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டதுபோல் இருந்தது. பின்னால் சுவர்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வெளியே அனுப்பிய பரிசோதனையும் ஹெப்பாரின்தான் என்று உறுதி சொன்னது. கம்பத்துக்காரருக்குக் காலின் சுண்டு விரல் ஒன்று மட்டும் கறுத்துப் போயிற்று. கால் தங்கியது. "அண்ணனுக்குப் பண்ணுன சத்தியத்த மீறிட்டேன்" என்று தங்கச்சி அழ, "அடிப்பாவி, மொத நாளே மீறியிருந்தா ஒரு வெரலு மிஞ்சியிருக்குமே" என்றாராம் அவர்.

அறுவை நடந்த புதன்கிழமை சாயங்காலமே ஊதாக்கா இழுப்பறையைத் திறந்தாள். காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஊதாக்கா. இன்னைக்கு நீங்க இல்லாட்டி..."

"புகழ வேண்டாம் டாக்டர். இதப் பாத்துட்டுப் பேசுங்க."

மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். சாயம் மங்கிய கண்ணாடித் துண்டு. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு தேதி. எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்தெட்டாயிரம், ஆறு மணி நேரம், மறுநாள் பார்த்தது, மூடிய வாய்.

டாக்டரம்மா கண்ணாடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

"காத்திருப்போம்னு சொன்னது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். "நான்தான். அப்ப நான் சின்ன டாக்டர். பெரியவரு தெறந்துடலாம்னாரு. நான்தான் நம்பர் பயமா இருக்கு, பொறுங்கன்னு புடிச்சு நிறுத்துனேன். காலை எடுத்தப்ப கூட நின்னதும் நான். பதினாறு வருசமா ஒவ்வொரு கால தெறக்கும்போதும் அந்த மனுசனத்தான் நெனைக்கறேன். என் கோழைத்தனத்தால போச்சுன்னு."

அந்தத் தப்பைத் தன் ஒருத்தி நெஞ்சில் மட்டும் புதைத்ததாக ஊதாக்கா நினைத்திருந்தாள். அது இன்னொரு நெஞ்சிலும் இத்தனை நாள் முளைத்துக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பரவாயில்லை என்று சொல்லவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இந்த ஸ்லைடயும் கொண்டு வாங்க. இன்னைக்குத் தேச்சதையும் கொண்டு வாங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். நானும் என் பங்கச் சொல்றேன்."

சொன்னாள். இரண்டு கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவர் எழுந்து வெளியே போனார். தபால்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி கடிதம் எழுதியது. பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. எந்த நாளும், எந்த நேரத்திலும். போய்விட்டார் என்று ஊதாக்கா நினைத்தாள். நிம்மதி வர வேண்டிய இடத்தில் ஏதோ வீடு காலியானதுபோல் இருந்தது.

அடுத்த மாதம் முதல் திங்கள், கம்பத்துக்காரர் சோதனைக்கு வந்தார். தாங்கித் தாங்கி, ஆனால் இரண்டு காலாலும் நடந்து. ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். தங்கச்சி பின்னால் நின்றாள்.

"கம்பம் கெடைக்காதுன்னுட்டாங்க அக்கா. புதுசா வர பசங்களுக்கு எப்படி ஏறணும்னு காட்டச் சொல்லியிருக்காங்க. நாலடி ஏறிக் காட்டலாம்."

"அதுக்கே இவன் ஏதோ வானத்துல ஏறுன மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்" என்றாள் தங்கச்சி.

ஊதாக்கா ஊசியைக் குத்தினாள். இரத்தம் குழாயில் ஏறியது. அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வெளியில ஒருத்தரு நிக்கறாரு போல. உள்ள வரச் சொல்லுங்க, நான் எந்திரிச்சுக்கறேன்."

"யாரு?"

"குச்சி ஊனிட்டு வந்தாரே. டொக்கு டொக்குனு. வாசல்ல வந்து நின்னுட்டாரு."

"எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றாள் தங்கச்சி.

ஊதாக்காவுக்கும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. வாசலில் யாரும் இல்லை, வெயில் மட்டும் ஒரு சதுரமாக விழுந்திருந்தது.

ஊசியை எடுத்து, குத்திய இடத்தில் பஞ்சை வைத்தாள். "இத அழுத்திப் புடிச்சுக்கோங்க" என்றுவிட்டு எழுந்தாள். மூலையில் கிடந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில், அந்த வெயிலுக்குப் பக்கத்தில் போட்டாள். அதன்மேல் இருந்த தூசியை ஊதா விரல்களால் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது கம்பத்துக்காரர் கேட்டார், "ஒக்காந்துட்டாரா?"

"ம்."

அவர் கையிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். இரத்தம் நின்றிருந்தது.